நாலு முக்கோணமும் கிழியாமல் விரிந்தன: சூரியப் பாய் மாதிரி, மடிப்பு வேலை

சூரிய ஒளியின் தள்ளலாலேயே விண்வெளியில் ஓடும் சூரியப் பாய்க் கலம் ஒன்றின் சின்ன மாதிரியை வீட்டில் செய்துகொண்டிருக்கிறேன். போன சனிக்கிழமை இரவு பாயின் நாலு முக்கோணமும் ஒரு கிழிசல்கூட இல்லாமல் முழுதாக விரிந்தன. நடுப்பெட்டியிலிருந்து நாலு தண்டுகளும் வெளியே போய் நிற்க, ஒன்றரை மீற்றர் சதுரப் பாய் எங்கள் காரைதீவு வீட்டு ஹோலை நிறைத்துக்கொண்டு கிடந்தது. திரும்பச் சுற்றி, திரும்ப மடித்து, ஞாயிறு காலையும் விரித்தேன். அப்படியே வந்தது. ஒருதரம் சரிவந்ததை நான் கணக்கில் எடுப்பதில்லை, அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அமைப்பு, பூமியைச் சுற்றிய லைட்செயில் 2 என்ற சூரியப் பாய்க் கலத்தினுடையதுதான். அதில் 32 சதுர மீற்றர் பாய், 4.5 மைக்ரோன் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்திலொன்று) தடிப்பான மைலார் பிளாஸ்டிக் படலம், நாலு முக்கோணம், நாலு உலோகத் தண்டுகள், எல்லாம் சேர்த்து 5 கிலோ. என்னுடையது 2.25 சதுர மீற்றர். படலத்துக்கு அலுமினியம் பூசிய அவசரகாலப் போர்வை, 12 மைக்ரோன். தண்டுக்கு 25 மில்லிமீற்றர் அகலமான இரும்பு அளவு நாடா. ஒரு தண்டு 1.06 மீற்றர் வருவதால் ஐந்து மீற்றர் நாடா ஒன்றை வெட்டினால் நாலுக்கும் போதும், மிச்சமும் வரும். வெட்டிய முனைகளை அரம் போட்டு உருட்டாவிட்டால் படலம் முதல் நாளே போய்விடும். இதையெல்லாம் இந்தப் பக்கம் வருபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தண்டு வேலை ஓரளவு சுலபமாக முடிந்தது. நாலு நாடாவையும் ஒரே அச்சில் சேர்த்துச் சுற்றி, கியர் மோட்டரால் தள்ளுகிறேன். நுனியில் தடை கூடினால் நாடா வெளியே போகாமல் சுருள் உள்ளுக்குள்ளேயே வீங்கி இறுகும். சுருளைச் சுற்றி நாலு பக்கமும் சின்ன பெயாரிங்குகளை ஸ்பிரிங் போட்டு அழுத்தி வைத்த பிறகு அந்தப் பிரச்சினை இல்லை. நாசாவின் சூரியப் பாய்க் கலமான ஏசிஎஸ்3 கூட 2024 ஓகஸ்ட் 26 அன்று விரிக்கத் தொடங்கியபோது மோட்டர் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் கரண்ட் இழுத்ததால் தானே நின்றது. 29 ஆம் திகதி மறுபடி முயன்றுதான் 80 சதுர மீற்றரும் விரிந்தது. அதனால் மோட்டர் கரண்டை அளக்கும் ஒரு சின்ன பலகையை நானும் போட்டிருக்கிறேன். அளவு மீறினால் மோட்டர் நிற்கும்.

உண்மையான வேலை மடிப்பில்தான். என்னைக் கேட்டால் சூரியப் பாய் என்ற முழு விஷயமும் அந்தப் பெட்டிக்குள்தான் வெல்கிறது அல்லது தோற்கிறது. ஒளி தள்ளும் என்பதில் 1900 அளவில் ரஷ்யாவில் லெபெதேவ் அளந்து காட்டிய பிறகு சந்தேகமே இல்லை. பூமி இருக்கும் தூரத்தில், முழுதாகத் தெறிக்கவிடும் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 9 மைக்ரோநியூட்டன் விசை, ஒரு மில்லிகிராம் நிறைகூட வராது. இந்தக் கணக்கு யாருக்கும் மாறாது. ஆனால் தலைமயிரைவிட மெல்லிய ஒரு படலத்தைக் கையளவு பெட்டிக்குள் அடைத்து, அது நடுங்கும் றொக்கெட்டில் ஏறி, காற்றே இல்லாத இடத்தில், ஒரு கை தொடாமல், ஒரு கிழிசல் இல்லாமல் திறக்க வேண்டும். அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதை இந்த மடிப்பைத் தொட்ட பிறகு பல மடங்காகிவிட்டது.

என் முக்கோணம் ஒன்றின் அடி 150 சென்ரிமீற்றர், உயரம் 75. முதலில் அடிக்குச் சமாந்தரமாக 3 சென்ரிமீற்றர் கொசுவம். 25 கொசுவம் முடிந்ததும் 150 சென்ரிமீற்றர் நீளமான பட்டி கிடைக்கும், நடுவில் தடிப்பு, இரண்டு நுனியும் மெலிசு. அப்புறம் அந்தப் பட்டியைக் குறுக்கே 6 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக மடித்து அடுக்க வேண்டும். கணக்குப்படி அந்த அடுக்கின் தடிப்பு சராசரி நாலு மில்லிமீற்றர்கூட வராது. கையில் வருவதோ இரண்டு விரல் தடிப்பு. மிச்சம் எல்லாம் காற்றும் மடிப்பின் வளைவும். உள்ளே காற்று அடைபட்டால் விண்வெளிக்கு ஏறும்போது அது ஊதிப் பாயையே கிழிக்கும். ஆகவே உச்சி மூலையிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி இரண்டு பலகைக்கு நடுவில் அமுக்கிக்கொண்டே போகிறேன்.

பட்டியை ஒரே அடுக்காக மடித்தால் என்ன நடக்கிறதென்றால், ஒரு மூலை மேலே இருக்கும், மற்ற மூலை அடியில் மாட்டிக்கொள்ளும். தண்டுகள் இரண்டு மூலையையும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது மேல் மூலை வழுக்கிக்கொண்டு போகும், அடி மூலை முழு அடுக்கையும் தூக்கிக்கொண்டு வரும். படலம் கிழிவது அந்த இடத்தில்தான். இரண்டு மூலையையும் சேர்த்துப் பிடித்து நடுவுக்கு மடிக்கிற முறையும் செய்தேன், அதில் இரண்டு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்கிறது.

அக்காவின் மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறாள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "மாமா, நடுவில இருந்து ரெண்டு பக்கமும் தனித்தனி அடுக்கா மடிச்சா என்ன? ரெண்டு மூலையும் மேலதானே வரும்" என்றாள். "செய்து பாப்பம் பிள்ளை" என்றேன். அதுதான் திறவுகோல். இப்போது ஒரு முக்கோணத்துக்கு இரண்டு அடுக்கு, பக்கத்தில் பக்கத்தில். கரைவலைக்காரர் வலையைத் தோணியில் ஏற்றும்போது எந்தத் துண்டு முதலில் கடலில் இறங்க வேண்டுமோ அதைக் கடைசியில் மேலே வைப்பது போல, மூலைகள் இரண்டும் கடைசியாக மடிபட்டு மேலே இருக்கின்றன. தண்டு இழுக்க இழுக்க மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது. குறுக்கு மடிப்பெல்லாம் திறந்த பிறகே கொசுவம் திறக்கத் தொடங்குகிறது. அந்த ஒழுங்கு மாறவே கூடாது.

இன்னொன்று, இரண்டு மடிப்புக் கோடு ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகிற புள்ளிகள். அறையை இருட்டாக்கி, விரித்த படலத்துக்குப் பின்னால் ரோர்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியப் பூச்சு விண்டு ஊசித் துளை அளவில் வெளிச்சம் வருவது அந்தப் புள்ளிகளில்தான். கிழிசலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஜப்பானின் கோரியோ மியூரா கண்டுபிடித்த மடிப்பில் கோடுகள் சற்றுச் சரிந்து ஓடுவதால் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நேராகக் குவிவதில்லை. அவருடைய முறையில் மடித்த சூரியத் தகடு 1995 இல் விண்வெளியிலேயே விரிக்கப்பட்டது. நான் முழு மியூரா மடிப்புக்குப் போகவில்லை, முக்கோணத்துக்கு அது வசதியும் இல்லை. ஆனால் குறுக்கு மடிப்பை ஒவ்வொரு தரமும் ஒரு மில்லிமீற்றர் தள்ளி மடிக்கிறேன். அடுக்கு சற்றுப் படிக்கட்டாக வரும், பரவாயில்லை. துளைகள் கண்ணுக்குத் தெரியக் குறைந்துவிட்டன.

கிழிசல் தொடங்கினாலும் ஓடாமல் இருக்க கப்டன் ரேப்பை (சூடு தாங்கும் ஒட்டுநாடா) மெல்லிய கீலமாக வெட்டிக் கட்டம் கட்டமாக ஒட்டியிருக்கிறேன். கல்முனையில் போன் திருத்தும் கடைகளில் அந்த மஞ்சள் ரேப் கிடைக்கும். மடிப்புக் கோட்டின்மேல் ஒட்டவே வேண்டாம். கொசுவத்தின் நடுவில் ஓட விடுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த வேலை பகலில் நடக்காது. யன்னலை மூடினாலும் காற்று உலர்ந்து கிடப்பதால் படலத்தில் நிலைமின் ஏறி, கொசுவம் கையிலும் பலகையிலும் ஒட்டிக்கொள்ளும். ஃபேனைப் போடவும் முடியாது. இரவு ஒன்பதுக்குப் பிறகு, தரையை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, பருத்திக் கையுறையோடு மடிப்பதே எனக்குச் சரிவந்தது.

போர்வை வாங்குபவர்கள் கவனியுங்கள். இணையத்தில் 12 மைக்ரோன் என்று போட்டு விற்பவர்கள் எல்லோரும் 12 அனுப்புவதில்லை. ஒரு விற்பனையாளரிடம் வாங்கியது கையில் எடுத்தபோதே கரகரவென்று சத்தம் போட்டது. நிறுத்துப் பார்ப்பதுதான் சுலபமான வழி: இந்தப் படலம் 12 மைக்ரோன் என்றால் சதுர மீற்றருக்கு 16 அல்லது 17 கிராம் வர வேண்டும். நகைக் கடைத் தராசில் நிறுத்தால் உடனே தெரிந்துவிடும். மோட்டரும் பெயாரிங்கும் கொழும்பு முதலாம் குறுக்குத்தெருவில் இருந்து பார்சலில் வந்தவை, குறையொன்றும் இல்லை.

என் பாய் விண்வெளியில் இருந்தால் அதன்மேல் விழும் தள்ளுவிசை 20 மைக்ரோநியூட்டன். இங்கே இரண்டு மில்லிகிராம் நிறைக்குச் சமன். லைட்செயில் 2 இன் மீது விழுந்தது அதைப்போல பதினாலு மடங்கு. அதை 5 கிலோவால் பிரித்தால் வேகவளர்ச்சி செக்கனுக்குச் செக்கன் 0.058 மில்லிமீற்றர். கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் சூரியனைச் சுற்றும் பாதையில் இடைவிடாமல் அந்தத் தள்ளல் கிடைத்தால் ஒரு நாளில் செக்கனுக்கு 5 மீற்றர், ஒரு மாதத்தில் 150 மீற்றர் வேகம் சேரும், ஒரு துளி எரிபொருள் இல்லாமல். பூமியைச் சுற்றும்போது இது இவ்வளவு நேரடியாக இல்லை. பாதி வட்டத்தில் சூரியனை நோக்கிப் போகும்போது ஒளி வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால் லைட்செயில் 2 ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரம் 90 பாகை திரும்பிக்கொண்டே இருந்தது. 2022 நவம்பரில் வளிமண்டலத்தில் எரியும்வரை மூன்று வருடத்துக்கு மேல் அது மேலே இருந்தது. அதன் சுற்றுப்பாதைச் சாய்வு 24 பாகை. எங்கள் தலைக்கு மேலாலும்தான் போயிருக்கிறது.

ஆனால் என் மனம் நிற்பது ஜப்பானின் இகாரோஸில். 2010 மே 21 அன்று தனெகஷிமாவில் இருந்து புறப்பட்டு, தண்டே இல்லாமல், தான் சுழலும் வேகத்தாலேயே 14 மீற்றர் சதுரப் பாயை விரித்த கலம். படலம் 7.5 மைக்ரோன் பொலிஇமைட் பிளாஸ்டிக். பாயின் ஓரத்தில் ஒளிதெறிப்பை மாற்றும் திரவப் பளிங்குத் தகடுகள் வைத்து, அவற்றை மாற்றிப் போட்டே திசை திருப்பினார்கள். அதே டிசம்பரில் வெள்ளிக் கிரகத்தைத் தாண்டிப் போனது. கிரகங்களுக்கு இடையில் ஒளியின் தள்ளலைப் பயன்படுத்தி ஓடிய முதல் பாய் அது.

சூரியனுக்குக் கிட்டப் போகப் போகத் தள்ளல் கூடும். தூரம் ஐந்திலொன்றானால் விசை 25 மடங்கு. ஆகவே பாயைச் சரித்து முதலில் வேகத்தைக் குறைத்து, சூரியனுக்குக் கிட்ட விழுந்து, அங்கே முகம் கொடுத்துத் திறந்தால் வெளியே வீசி எறியப்படும். பாய் இல்லாமல் போன நாசாவின் வொயேஜர் 1 கலம், சூரியனிலிருந்து வீசும் துகள்காற்றின் எல்லையைத் தாண்டவே 1977 இல் இருந்து 2012 வரை எடுத்தது. பூமி-சூரியன் தூரத்தைப்போல 550 மடங்கு தள்ளிப் போனால் சூரியனின் ஈர்ப்பே வில்லையாகி, அதன் பின்னால் நேர்கோட்டில் இருக்கும் ஒரு தூரத்துக் கிரகத்தின் வெளிச்சத்தைக் குவித்துத் தரும். அங்கே போய் நின்று இன்னொரு நட்சத்திரத்தின் கிரகத்தில் கண்டங்கள் தெரிகிறதா என்று பார்க்கலாம். இந்த எண்ணம் எனக்குள் வந்தால் அன்றிரவு நித்திரை கிடையாது. அந்த இடத்துக்கு ஒரு மனித ஆயுளுக்குள் போகக்கூடிய வழிகளில் பாயும் ஒன்று. அது போவதற்கும் யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் படலத்தைச் சரியாக மடிக்கத்தான் வேண்டும்.

இனிச் செய்ய இருப்பவை. வெற்றிடக் குடுவைக்குள் ஒரு சின்ன முறுக்குத் தராசு (மெல்லிய இழையில் தொங்கி, மிகச் சிறிய விசைக்கும் திரும்புவது) வைத்து லேசரால் தள்ளிப் பார்க்கும் ஆசை உண்டு. கடைகளில் விற்கும், வெளிச்சம் பட்டால் சுற்றும் கண்ணாடிக் குடுவைச் சுழலியை வைத்து ஒளியழுத்தம் காட்ட முடியாது. அது உள்ளே மிஞ்சிய வாயுவின் சூட்டால் சுற்றுவது, எதிர்ப்பக்கமாகவும் சுற்றும். ஏசிஎஸ்3 பளிச்சிட்டுப் போவதைக் கடற்கரையில் நின்று படம் எடுக்கவும் வேண்டும். ஆனால் அதற்கு முன் பெட்டிக் கதவின் பூட்டு வேலை பாதியில் நிற்கிறது. நாசாவின் இன்னொரு பாய்க் கலமான நானோசெயில் டி2, 2010 டிசம்பரில் தாய்ச் செய்மதிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, அடுத்த மாதம் தானாகத்தான் வெளியே வந்தது. அதனால் இதில் நான் அவசரப்படப் போவதில்லை. நாலு கதவையும் ஒரே தங்கூசியால் (மீன்பிடி நைலோன் நூல்) கட்டி, மின்னால் சூடாகும் நிக்ரோம் கம்பியைச் சூடாக்கி உருக்கி அறுப்பதுதான் திட்டம். 0.25 மில்லிமீற்றர் தங்கூசி உடனே அறுகிறது, ஆனால் கதவை ஒரு இரவு இழுத்துக் கட்டிவைத்தால் நீண்டு தளர்கிறது. 0.40 தளரவில்லை, அறுபடும்போது உருகிய துளி கம்பியில் ஒட்டிக் கிடக்கிறது. இடையில் 0.30 கல்முனைச் சந்தையில் சுருளாகக் கிடைக்கிறது. நாளைக்கு வாங்கி, இரட்டையாகவும் ஒற்றையாகவும் கட்டிப் பார்க்கிறேன்.