கியூபெக் தீர்ப்பை நடத்தும்போது

சட்டக் கல்லூரியில் ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டம் நடத்துகிறேன். கனடாவின் கியூபெக் மாகாணம் நாட்டிலிருந்து பிரிவது பற்றி அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1998 ஆகஸ்ட் 20 அன்று சொன்ன கருத்துதான் எனக்கு நடத்தப் பிடித்த பாடம். "யார் சார் ஜெயிச்சது?" என்றுதான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள்.

1995 வாக்கெடுப்பில் பிரிய வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம்தான். அடுத்த ஆண்டே கூட்டாட்சி அரசு மூன்று கேள்விகளோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கியூபெக் அரசு அந்த விசாரணையில் கலந்துகொள்ளவே மறுத்துவிட்டது. வராதவர்களுக்காக யார் பேசுவது என்று நீதிபதிகள் விட்டிருக்கலாம். அப்படி விடாமல், அந்தத் தரப்பை எடுத்துச் சொல்ல ஒரு வழக்கறிஞரைத் தாங்களே நியமித்தார்கள். இந்த இடத்தில் நான் வேண்டுமென்றே நிறுத்தி நிதானமாகப் பேசுவேன். அந்த நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் மூவர் கியூபெக்கைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

தன்னிச்சையாகப் பிரிய கியூபெக்குக்கு உரிமை இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை ஆம் என்றால், மற்றவர்கள் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்றும் சொன்னது. அரசமைப்பில் எந்தப் பிரிவிலும் இந்தக் கடமை எழுதப்படவில்லை. கூட்டாட்சி, ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, சிறுபான்மையினர் பாதுகாப்பு ஆகிய அடிப்படைக் கொள்கைகளிலிருந்து அதை எடுத்தார்கள்.

எத்தனை சதவீதம் தெளிவான பெரும்பான்மை என்பதை மட்டும் அரசியல்வாதிகளிடமே விட்டுவிட்டார்கள். இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்று ஒரு மாணவி விடாமல் வாதாடினாள். நல்ல வாதம்தான், ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீதிபதிகள் ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால், தோற்ற தரப்புக்கு அதற்கப்புறம் பேச என்ன மிச்சம் இருந்திருக்கும்? தீர்ப்பு வந்த பிறகு கூட்டாட்சி அரசு, கியூபெக் அரசு இரண்டுமே அதைத் தமக்குச் சாதகம் என்று வரவேற்றன. 2000இல் இரு தரப்பும் தத்தம் சட்டம் போட்டுக்கொண்டு மோதின என்பதும் உண்மை. ஆனாலும் அதே தீர்ப்பை வைத்துத்தான் மோதின.

ஸ்பெயினின் தன்னாட்சிப் பகுதியான கட்டலோனியா பற்றிய பாடம் இதற்கு நேர் எதிர். 2006இல் ஸ்பெயின் நாடாளுமன்றம் நிறைவேற்றி, கட்டலோனிய மக்களும் வாக்களித்து ஏற்ற தன்னாட்சிச் சாசனம் அது. நான்கு ஆண்டு கழித்து, 2010 ஜூன் 28 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அதன் 14 பிரிவுகளை முழுதாகவோ பகுதியாகவோ நீக்கியது. நிர்வாகத்தில் கட்டலான் மொழிக்கு இருந்த முன்னுரிமையும் போனது. ஜூலை 10 அன்று பார்சிலோனா தெருக்கள் நிரம்பின. ஸ்பெயின் அரசமைப்பின் 2ஆம் பிரிவு நாட்டின் பிரிக்க முடியாத ஒற்றுமையைப் பேசுவதால், நீதிபதிகளுக்கு எழுத்தில் ஆதாரம் இருந்தது. என்னால் ஏற்க முடியாதது அந்த நேரம்தான். மக்கள் வாக்குச்சீட்டில் ஒப்புக்கொண்டதை அப்புறம் வெட்டும்போது, வெட்டுப்படுவது அந்தப் பிரிவுகள் மட்டுமல்ல, அவர்கள் போட்ட ஓட்டும்தான்.

2015இல் ஸ்பெயின் சட்டத்தைத் திருத்தியது. தன்னாட்சிச் சாசனங்களை இப்போது வாக்கெடுப்புக்கு முன்பே நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்குப் போடலாம். இந்தத் திருத்தம் 2006இல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொரு தேர்விலும் கேட்கிறேன்.