மாடு பங்கு போட்ட பட்டியலில் ஒரு முன்னோர்

என் கணவரின் அம்மா வழியில் தலைமுறை தலைமுறையாக ஒரு பேச்சு உண்டு: 1620-ல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்கு வந்த மேஃபிளவர் கப்பலில் இருந்த ஜான் ஹௌலண்டின் வழிவந்தவர்கள் அவர்கள் என்று. அமெரிக்காவில் இப்படிச் சொல்லும் குடும்பங்கள் ஏராளம், அதில் ஆச்சரியமும் இல்லை. ஹௌலண்டுக்குப் பத்துப் பிள்ளைகள், பத்துப் பேருமே பிழைத்து வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டார்கள். ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், புஷ் அப்பா, மகன், நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட் எல்லாருமே அந்த வழிதான். ஆனால் வீட்டில் சொல்வது வேறு, காகிதத்தில் காட்டுவது வேறு இல்லையா. என் பிள்ளைகளுக்கும் அது முன்னோர் வழி என்பதால் நானே உட்கார்ந்து பதிவுகளைப் படிக்க ஆரம்பித்தேன், படிக்கப் படிக்க விடமுடியவில்லை.

ஹௌலண்ட் பணக்காரர் இல்லை. அந்தக் கப்பலில் வந்தவர்கள் அமெரிக்கக் கரையில் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநரான ஜான் கார்வரின் வேலையாளாகக் கப்பலில் ஏறியவர். நடுக்கடலில் புயல் அடித்தபோது மேல்தளத்துக்கு வந்தவர் கப்பல் சாய்ந்ததில் தூக்கி எறியப்பட்டு, கடலில் தொங்கிக்கொண்டிருந்த பாய்க்கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் அமிழ்ந்தும் பிடியை விடாமல் இருந்து, கடைசியில் மேலே இழுக்கப்பட்டார். இது குடும்பக் கதை இல்லை. அதே கப்பலில் வந்து பிறகு பல வருடங்கள் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட் தன் கையால் எழுதி வைத்தது. அந்தக் கயிறு மட்டும் கைக்குச் சிக்காமல் போயிருந்தால் இன்று லட்சக்கணக்கானவர்கள் இல்லை, என் வீட்டில் இரண்டு பேர் இல்லை. அந்தப் பத்தியை நான் எத்தனை தடவை படித்தாலும் நெஞ்சு ஒரு கணம் நின்றுதான் போகிறது.

என்னை அதிகம் பிடித்து இழுத்தது ஹௌலண்ட் அல்ல, அவர் மனைவி. ரொம்ப காலமாக நியூ இங்கிலாந்தில், அதாவது பிளிமத் இருக்கும் அமெரிக்க வடகிழக்குப் பகுதியில், எல்லாரும் நம்பியது, அவர் மணந்த எலிசபெத் ஆளுநர் கார்வரின் குடும்பத்துப் பெண் என்று. ஆளுநர் வீட்டு வேலையாள் ஆளுநர் வீட்டுப் பெண்ணையே மணந்தார் என்பது கேட்க நன்றாகத்தானே இருக்கிறது. பிளிமத்தின் பரியல் ஹில் மயானத்தில் வழிவந்தவர்கள் வைத்த கல்லில்கூட அப்படித்தான் பொறித்திருந்தார்கள். பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதியோ அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் பாஸ்டனிலிருந்து காணாமல் போய்விட்டது. 1855-ல் அது லண்டனில், ஃபுல்ஹாம் மாளிகையில் இருந்த பிஷப்பின் நூலகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, அடுத்த வருடமே அச்சிலும் வந்தது. அதன் கடைசிப் பக்கங்களில், கப்பலில் வந்தவர்கள் யார் யார், முப்பது வருடத்துக்குப் பிறகு அவரவர் குடும்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பிராட்ஃபோர்ட் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். அதில் ஒரே ஒரு வரி: ஹௌலண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை, இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், பத்துப் பிள்ளைகள், பத்தும் உயிரோடு.

அந்த ஒரு வரியில் கல்லில் பொறித்ததே பொய்யாகிப் போனது. இப்போது அங்கே இருக்கும் கல்லில் டில்லியின் மகள் என்றுதான் இருக்கிறது.

உண்மையான எலிசபெத் யார் என்று பார்த்தால் கதை இன்னும் கனமானது. இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரில் ஹென்லோ என்ற ஊர்ச் சர்ச்சில் 1607 ஆகஸ்ட் 30 அன்று ஞானஸ்நானம் பெற்றதாகப் பதிவு இருக்கிறது. அப்படியானால் கப்பல் ஏறும்போது வயது பதிமூன்று. அம்மா, அப்பா, சித்தப்பா, சித்தி என்று கூட வந்த பெரியவர்கள் நால்வரும் அந்த முதல் குளிர்காலத்து நோயில் போய்விட்டார்கள். கப்பலில் வந்தவர்களில் பாதிப்பேர் அந்த மாதங்களில் செத்தார்கள். தெரியாத நாட்டில் ஒரு பதிமூன்று வயதுப் பெண் தனியாக நின்றாள். அந்தப் பெண்ணைப் பிறகு இருநூறு வருடம் ஆளுநர் வீட்டுப் பெண் என்று சொல்லி அவள் பெற்றோரையே மறைத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். அந்தக் காலத்துப் பிளிமத்தில் பிறப்புப் பதிவு ஒழுங்காகக் கிடைக்காது. மூத்த மகள் டிசையர் எப்போது பிறந்தாள் என்று கேட்டால், அதற்குப் பதில் மாட்டுக் கணக்கில் இருக்கிறது. அதுவரை பொதுச்சொத்தாக இருந்த மாடுகளையும் ஆடுகளையும் 1627 மே மாதம் குடியேறியவர்கள் பங்கு பிரித்தார்கள். பன்னிரண்டு குழு, குழுவுக்குப் பதிமூன்று பேர், தலைக்கு ஒரு பங்கு. கைக்குழந்தைக்கும் பங்கு உண்டு என்பதால் கைக்குழந்தையின் பெயரையும் எழுத வேண்டியிருந்தது! நாலாவது குழு ஹௌலண்டுடையது: அவர், மனைவி எலிசபெத், மகன் ஜான், மகள் டிசையர். அவர்களுக்குக் கிடைத்த கிடேரியின் பெயர் ராக்ஹார்ன் என்பதுகூட இருக்கிறது. ஆக 1627 மே மாதத்துக்கு முன்பே இரண்டு பிள்ளைகள் பிறந்தாயிற்று, மூன்றாவது இன்னும் இல்லை. யாரும் வம்சாவளிக்காக எழுதாத காகிதம்தான் வம்சாவளிக்கு அதிகம் உதவுகிறது. பெருமைக்காக எழுதினால் கூட்டிக் குறைத்து எழுதத் தோன்றும். மாட்டைப் பங்கு போடும்போது பக்கத்துக் குழுக்காரன் சும்மா விடுவானா?

உயில்களும் அப்படித்தான். 1686-ல் எழுதிய உயிலில் எலிசபெத் மூத்த மகன் ஜானுக்கு ஐந்து பவுண்டு, பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டின்டேலின் நூல் ஒன்று, படுக்கை விரிப்பு, தலையணை உறை, கம்பளி என்று எண்ணி எண்ணிக் கொடுக்கிறார். மகள்களைக் கணவன் வீட்டுக் குடும்பப் பெயரோடு குறிப்பிடுவதால் எந்த மகள் எந்தக் குடும்பத்துக்குப் போனாள் என்பது உறுதியாகிறது. இது முக்கியம், ஏனென்றால் இன்றைய வாரிசுகளில் பலர் ஹௌலண்ட் என்ற பெயரே இல்லாதவர்கள். அதேபோல் ஹௌலண்ட் என்ற பெயர் இருந்தாலே மேஃபிளவர் வழி என்றும் நினைக்கக் கூடாது. ஜானின் தம்பிமார் ஆர்தரும் ஹென்றியும் பிறகு வேறு கப்பல்களில் வந்தவர்கள், அவர்களுக்கும் பெரிய வம்சம் இருக்கிறது.

தேதியிலும் கவனம் வேண்டும். ஹௌலண்ட் இறந்தது 1672 பிப்ரவரி 23 என்று குடியேற்றப் பதிவு சொல்லும், நம் கணக்கில் அது 1673. ஆங்கிலேயர்களுக்கு அப்போது வருடம் மார்ச் 25-ல்தான் பிறக்கும், 1752-ல்தான் ஜனவரிக்கு மாறினார்கள். அதே பதிவு அவர் எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார் என்றும் சொல்கிறது. அப்படியென்றால் கப்பலில் வரும்போது இருபத்தேழுக்கு மேல். பிராட்ஃபோர்டோ அவரை வாட்டசாட்டமான இளைஞன் என்கிறார். வயதான ஒருவருக்குக் கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

முதல் ஐந்தாறு தலைமுறை இப்படி ஓரளவு உறுதியாகிவிடும், மேஃபிளவர் வாரிசுகள் சங்கம் அதற்கென்றே பல தொகுதிகள் வெளியிட்டிருக்கிறது. கஷ்டமே அதற்கு அப்புறம்தான். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-ல் தொடங்கினாலும் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. வீட்டில் உள்ள எல்லார் பெயரும் வருவது 1850-லிருந்து. அதற்கு முன்னால் கல்யாணமாகி இடம்பெயர்ந்த ஒரு பெண்ணின் அப்பா யார் என்று கேட்டால் கணக்கெடுப்பு வாயே திறக்காது. என் மாமியார் குடும்பத்தின் சங்கிலி அறுந்து நிற்பதும் அப்படி ஒரு பெண்ணிடம்தான். அவர் குடும்பம் மாசசூசெட்ஸ் கடற்கரையில் கேப் காட் பக்கம், பார்ன்ஸ்டபிள் என்ற ஊர். டிசையரும் அவள் தங்கை ஹோப்பும் வாழ்க்கைப்பட்டுப் போன ஊரும் அதுவே என்பதால் நம்பிக்கை இருக்கிறது. 1827-ல் அந்த மாவட்டத்து நீதிமன்றக் கட்டடம் தீப்பிடித்து நிலப் பத்திரங்களில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. உயில் பதிவுகள் தப்பின. இப்போது அவற்றைத்தான் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், யாராவது ஒரு அப்பா தன் மகளுக்கு ஒரு மெத்தையோ ஒரு பசுவோ எழுதி வைத்து அவள் புருஷன் பெயரையும் சேர்த்திருப்பார் என்று.