பேணிக்குள் சாரத்தோடு நின்ற மனிதர்

"ஐயா, இந்த மீனை என்னிடம் வாங்கியதாக மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்."

மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்கு வருகிற மீன்காரத் தம்பி, கேற்றடியில் நின்றபடி என் படத்தைப் பார்த்துவிட்டு இப்படித்தான் ஆரம்பித்தார். படத்தில் மூன்று விளைமீன், ஒரு வாழையிலை, பாதியாக வெட்டிய தேசிக்காய், அம்மியிலிருந்து இறக்கிய குழவி. ஏ4 அளவில், மினுங்குகிற தாளில், காசு கொடுத்து அச்சடித்த படம். இலை நரம்பில் வெளிச்சம் ஓடுவதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் மீனின் கண்ணில் விரலை வைத்தார்.

"கண் உள்ளே போய்விட்டது. மேலே பால் படிந்த மாதிரி இருக்கிறது. ஆறரைக்கு நான் தந்தபோது கண்ணாடிபோல இருந்த கண். எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள்?"

பதினொன்றரைக்கு. இலையைத் திருப்பி, தேசிக்காயைத் திருப்பி, குழவியை அங்கே வைத்து இங்கே வைத்து ஐந்து மணித்தியாலம் போயிருந்தது. அதுவும் கச்சான் காற்று அனல் அள்ளிக் கொட்டுகிற ஆனி மாதத்தில். அன்று அந்த மீனை எங்கள் பூனைகூட யோசித்துத்தான் தின்றது.

படம் பிடிக்கத் தொடங்கி எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதலாவது உருப்படியான விமர்சனம் அதுதான்.

நான் 33 வருடம் படவரைஞராக வேலை செய்தவன். வீட்டுத் திட்டம், மதகுத் திட்டம், மதில் திட்டம் என்று கோடு கோடாகக் கீறிவிட்டுக் கடந்த வருடம் ஓய்வு பெற்றேன். விடுமுறைக்கு வந்த மகன் தன்னுடைய பழைய கமராவையும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றையும் "பொழுது போகும், அப்பா" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனான். பொழுது போனதோ இல்லையோ, வீட்டில் இருந்த அமைதி போய்விட்டது.

திருகோணமலையில் ஒருவர் கையில் கமரா கிடைத்தால் நேரே சுவாமிமலைக்குப் போவார். வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்களைப் பிடிப்பார். மேலே போய்க் கோணேசர் கோவிலையும் கீழே கடலையும் பிடிப்பார். நானும் போனேன், இருநூறு படத்தோடு வந்தேன். வீட்டில் இருந்து பார்த்தபோது எல்லாமே முன்பு எங்கேயோ பார்த்த படங்களாக இருந்தன. என் முழங்காலுக்கும் அந்த ஏற்றம் ஒத்துவரவில்லை. மேசையில் இருக்கிற சாமான் என்றால் ஓடாது, கண்ணை மூடாது, எப்போது முடியும் என்று கேட்காது. அப்படித்தான் ஸ்டில் லைஃப் பக்கம் வந்து சேர்ந்தேன்.

அந்தப் பெயர் ஒல்லாந்தரின் 'ஸ்டில்லேவன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 17 ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய ஓவியர்கள் மீனையும் எலுமிச்சையையும் வெள்ளித் தட்டையும் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். அதே நூற்றாண்டில்தான் அவர்களுடைய கப்பல்கள் எங்கள் துறைமுகத்துக்கும் வந்தன. டச்பே கடற்கரைக்கு இன்றும் அவர்கள் பெயர்தான். பிரெஞ்சுக்காரர் இந்தக் கலையைச் 'செத்த இயற்கை' என்ற பொருளில் அழைக்கிறார்கள். மீன்காரத் தம்பி பிரெஞ்சுக்காரர் கட்சி.

முதலில் படங்களைக் குடும்பத்தாருக்குத்தான் கைபேசியில் அனுப்பினேன். ஒவ்வொரு படத்துக்கும் பதினைந்து பதில் வரும். அருமை. அழகு. சூப்பர் மாமா. கும்பிடுகிற கை ஒன்று. ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள், பிழையாகக் குசினி நிலத்தைப் பிடித்த படம் ஒன்று விரல் தவறிப் போய்விட்டது. அதற்கும் "அருமை" வந்தது. பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேசையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பதை 'அருமை' எனக்குச் சொல்லாது.

கல்யாணப் படம் எடுக்கிற மருமகன் ஒருவன் இருக்கிறான். "லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8 க்கு முழுதாகத் திறந்துவிடுங்கள் மாமா, பின்னணி கரைந்துவிடும்" என்றான். கிண்ணியாவிலிருந்து வருகிற எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றை அரை மீற்றர் தூரத்தில் வைத்து அப்படியே செய்தேன். பின்னணி கரைந்தது, சட்டியும் சேர்ந்து கரைந்தது. அந்தத் தூரத்தில் அந்தத் துவாரத்துக்குத் தெளிவாக விழுகிற ஆழம் ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லை. சட்டியின் முன் விளிம்பு கத்திபோல நின்றது, தயிர் பஞ்சுமிட்டாயாகிவிட்டது. எஃப் 8 க்கு மூடினால் ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர் கிடைக்கிறது. வெளிச்சம் குறையும்தான், ஆனால் கமரா முக்காலியில், தயிருக்கு அவசரம் இல்லை. மணப்பெண்ணுக்குச் சரியான ஆலோசனை சட்டிக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். நான்தான் எதைப் பிடிக்கிறேன் என்று அவனிடம் சொல்லவே இல்லை.

உண்மையான வாத்தியார் பிறகுதான் கிடைத்தார். நகரத்தில் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர், வயது எண்பது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை செய்தவர். என் கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டாருக்கு அனுப்பிய படத்தை அவர்தான் எடுத்தார். நெகட்டிவில் பென்சிலால் என் கன்னத்துப் பருக்களை அழித்ததும் அவர்தான். பன்னிரண்டு பிரதிகளை ஒரு கடித உறையில் போட்டுக்கொண்டு போனேன்.

உறையைத் திறந்தார், முதல் படத்தை எடுத்தார், மற்றப் பதினொன்றையும் என்னிடமே திருப்பித் தந்தார். "ஒன்று போதும் தம்பி."

நான் விளக்கத் தொடங்கினேன். இது மாமியாருடைய மூக்குப்பேணி, மூக்கு வைத்த பித்தளைப் பாத்திரம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது, பக்கத்தில் இருப்பது பனங்கட்டிக் குட்டான், பின்னால் தெரிகிற துணி… கையை உயர்த்தி நிறுத்தினார். "நீர் படத்தோடு எல்லா வீட்டுக்கும் போகப்போகிறீரா?" என்று கேட்டார். அதன்பிறகு இரண்டு நிமிடம் நாங்கள் இருவரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் பேசியது.

பிறகு அவர் படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். எனக்கு முகம் சுருங்கியது. அவர் காலத்துப் பெரிய மரக் கமராவின் பின்கண்ணாடியில் உருவம் தலைகீழாகத்தான் விழும். தலையில் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு வாழ்க்கை முழுவதும் உலகத்தைக் கவிழ்த்துப் பார்த்த மனிதர் அவர். அப்படிப் பார்த்தால் பேணி பேணியாகத் தெரியாது, ஒரு மஞ்சள் கனமாகத்தான் தெரியும் என்றார். என் படத்தில் கனம் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. வள்ளத்தில் எல்லாரும் ஒரே பக்கம் ஏறி உட்கார்ந்த மாதிரி. நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று கிழமையில் எனக்கு அது தெரியவே இல்லை.

அடுத்து மேசை லாச்சியிலிருந்து 'எல்' வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு மட்டைகளை எடுத்தார். இரண்டையும் எதிரெதிராக வைத்துப் படத்தின் மேல் சட்டம்போல நகர்த்தினார். குட்டான் மறைந்தது. துணியின் பாதி மறைந்தது. பேணியின் மூக்கும் அதன் நிழலும் மட்டும் மிஞ்சியபோது மட்டைகள் நின்றன. "ஐந்து சாமான் வைத்திருக்கிறீர். எதைப் பிடித்தீர்?"

பதில் இல்லை. எல்லாவற்றையும் பிடித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

வெளிச்சம் பற்றித்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. நிழல் கரடாக இருக்கிறது, வெயில் நேரே விழுந்திருக்கிறது என்றார். நான் விடவில்லை. வடக்கு யன்னல் ஐயா, வடக்கு யன்னலில் வெயில் விழாது, எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அந்தப் புத்தகம் எழுதியவரின் ஊரில் சூரியன் எப்போதும் தெற்கே. உம்முடைய ஊர் எது?"

முப்பத்துமூன்று வருடம் வீட்டுத் திட்டங்களில் வடக்கு அம்புக்குறி கீறியவன் நான். திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி நண்பகல் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும். அதிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை வடக்குப் பக்கமாகவே நிற்கும். அந்த மாதங்களில் என் வடக்கு யன்னலுக்குள் வெயில் வரத்தான் செய்யும். வேறு ஊரின் வெளிச்சத்தைப் படித்துவிட்டு என் ஊர் யன்னலில் தேடியிருக்கிறேன். இப்போது அந்த மாதங்களில் யன்னலில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டுகிறேன். வெயில் வேட்டியில் மோதிப் பரவி மெதுவாக உள்ளே வருகிறது. எதிர்ப்பக்கம் பொருட் பெட்டிக்குள் வருகிற வெள்ளை ரெஜிபோம் பலகையை நிறுத்தினால் நிழலுக்குள்ளும் கொஞ்சம் தெரிகிறது. சில நாளில் பலகையை எடுத்துவிட்டுக் கறுப்பு மட்டையை வைக்கிறேன். நிழல் இன்னும் ஆழமாகிறது. குசினி பல்பை அணைத்துவிட வேண்டும் என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். துணியின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறு பக்கம் நீலமாகவும் இருந்ததற்கு நான் சலவைத்தூளைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன்.

இத்தனையும் கற்று, பேணியை மட்டும் தனியாக வைத்து, வேட்டி கட்டி, எஃப் 8 இல் பிடித்து, இனி ஒருவரும் வாய் திறக்க முடியாது என்ற நினைப்போடு மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"பேணிக்குள் நீங்கள் சாரத்தோடு நிற்கிறீர்களே."

நின்றேன். பித்தளையின் வயிற்றில், வளைந்து, முக்காலிக்குப் பின்னால், மேலே சட்டையும் இல்லாமல். படத்தைக் கணினியில் பெரிதாக்கி எத்தனை முறை பார்த்திருப்பேன்! என்னை நான் பார்த்ததே இல்லை. பெரியவரிடம் சொன்னபோது, கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி அதற்குப் பின்னால் நிற்கச் சொன்னார். மனைவியிடம் வேறு குறையும் இருந்தது. "அம்மா இருந்தால் இதைப் பழப்புளி போட்டு மினுக்காமல் வெளியே எடுக்க விட்டிருக்க மாட்டார்." இதை மட்டும் நான் ஏற்கவில்லை. மினுக்கினால் கண்ணாடியாகிவிடும், மறுபடி என் சாரம்தான் தெரியும். அந்தக் களிம்பு படிந்த பச்சை எனக்கு வேண்டும். இந்தப் படம் கூடத்தில் மாட்டுப்படாது என்று அவள் அறிவித்துவிட்டாள். மாட்டுப்படவில்லை.

சமாதானத்துக்காக அவளுக்கு எட்வர்ட் வெஸ்டன் என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொன்னேன். 1930 இல் குடைமிளகாய்களைத் திரும்பத் திரும்பப் பிடித்தவர். தகரப் புனலுக்குள் ஒரு மிளகாயை வைத்துப் பிடித்த முப்பதாம் இலக்கப் படம்தான் உலகப் புகழ் பெற்றது. பிடித்து முடிந்த மிளகாய்களை அவர் சாப்பிட்டும்விடுவார். "அப்படியென்றால் அவர் நேரத்தோடு பிடித்திருக்கிறார்" என்றாள். மீன் விடயத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

இப்போது ஒருவரிடம் ஒரு படம்தான் கொண்டுபோகிறேன். எதுவும் சொல்வதில்லை. "முதலில் எது கண்ணில் பட்டது?" என்று மட்டும் கேட்கிறேன். 'எப்படி இருக்கிறது' என்று கேட்டால் நல்ல மனிதர்கள் பொய் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது. தயிர்க்காரர் சட்டி தளும்பவில்லை என்றார். பூக்கடைக்காரர் செவ்வரத்தை மாலையில் வாடிவிடும், காலையில் பிடியுங்கள் என்றார். யாரும் வெளிச்சம் என்ற சொல்லையே சொல்லவில்லை.

மீனை மறுபடி பிடித்தேன். முதல் நாள் இரவே மேசையை ஒழுங்குபடுத்தி, மீனின் இடத்தில் மூன்று வாழைக்காயை வைத்து நிழலையெல்லாம் சரிபார்த்துக்கொண்டேன். விடிந்ததும் சந்தைக்குப் போய் மீன் வாங்கி, ஐஸ் போட்ட வாளியில் கொண்டுவந்து, வாழைக்காயை எடுத்துவிட்டு மீனை வைத்தேன். ஏழு நிமிடம். பத்து மணிக்கு அது குழம்புச் சட்டிக்குள் இருந்தது.

அச்சடித்த பிரதியைக் கேற்றடியில் காட்டினேன். மீன்காரத் தம்பி தலைக்கவசத்தைக் கழற்றினார். கண்ணைப் பார்த்தார், செவுளைப் பார்த்தார், படத்தைச் சாய்த்து வயிற்றைப் பார்த்தார்.

"நல்ல மீன்" என்றார். பிறகு, முகத்தை நிமிர்த்தாமலே, "யாரிடம் வாங்கினீர்கள்?"