சளியில் தொடங்கிக் கண்வீக்கம் வரை

மூக்கடைப்போடு தூக்கி வரும் பிள்ளைக்கு நாங்கள் முதலில் கேட்பது சளியின் நிறத்தை அல்ல, எத்தனை நாளாச்சு என்பதைத்தான். பச்சைச் சளி மட்டும் வைத்துச் சைனஸில், அதாவது மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளில், தொற்று என்று சொல்லிவிட முடியாது. 10 நாள் தாண்டியும் மூக்கொழுகலோ இருமலோ துளியும் குறையவில்லை. தேறி வந்த பிள்ளைக்கு 6, 7 நாளில் மறுபடி காய்ச்சல். அல்லது 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் கெட்டிச் சளியும் சேர்ந்தாற்போல் 3 நாள். இவற்றில் ஒன்று இருந்தால்தான் பாக்டீரியா என்று சந்தேகம் வரும். எக்ஸ்ரே இந்தக் கட்டத்தில் வீண். சாதாரணச் சளிக்கும் சைனஸ் மங்கலாகத்தான் விழும்.

பாக்டீரியாவுக்கு எழுதும் ஆன்டிபயாட்டிக்கான அமாக்ஸிசிலின் அளவு எடைக் கணக்கு. டாக்டர் கிலோவுக்கு நாளொன்றுக்கு 45 மி.கி. என்று எழுதினால், 12 கிலோ குழந்தைக்கு 540. இரண்டு வேளையாக 270. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பானால் 5.4 மி.லி. வீட்டு ஸ்பூனில் இது அளக்க வராது, சிரிஞ்சு வேண்டும். பவுடர் பாட்டிலைத் தட்டி உதிர்த்துவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரைப் பாதி விட்டுக் குலுக்கி, நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்புங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் அடியில் கட்டிதட்டும்; முதல் வேளைகளில் மருந்து நீர்த்துப் போகும். 72 மணி நேரத்தில் தேறவில்லையென்றால் மறுபடி காட்ட வேண்டும். ஆவி பிடிக்கச் சொல்லவே மாட்டோம். கொதிநீர்ச் சட்டி மடியில் கவிழ்ந்தால் சளியை விடப் பெரிய பாடு.

சிக்கல் அதிகம் வருவது கண்ணில். கண்குழிக்கும் பக்கத்துச் சைனஸுக்கும் நடுவில் இருப்பது காகித மெலிவில் ஓர் எலும்பு. காலையில் ஒரு பக்க இமை சிவந்து உப்பியிருந்தால் பூச்சிக்கடி என்று விட்டுவிடாதீர்கள். இமையை விரலால் மெல்ல விரித்து, பொம்மையை நாலு பக்கமும் நகர்த்திக் காட்டுங்கள். விழி வலியில்லாமல் ஓடினால் தொற்று பெரும்பாலும் இமையோடு நிற்கிறது; ஆனாலும் அன்றே காட்ட வேண்டும். விழி பிதுங்கினாலோ, அசைத்தால் வலித்தாலோ, அந்தக் கண்ணுக்குச் சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தாலோ, இமை பிரியவே இல்லையென்றாலோ நேரே பெரிய ஆஸ்பத்திரி.

அங்கே ஊசிவழி ஆன்டிபயாட்டிக், காண்ட்ராஸ்ட் சி.டி. (சாயமருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்). ராத்திரியிலும் சில மணிக்கொருமுறை எழுப்பிக் கண்ணைப் பார்ப்பார்கள். வீட்டார் கோபப்படுவது வழக்கம். ஆனால் பார்வை நரம்பு நசுங்கினால் விடியும்வரை காத்திருக்காது. சின்னக் குழந்தைகளின் சிறு சீழ்க்கட்டி மருந்திலேயே கரைவதுண்டு. 24 முதல் 48 மணி நேரத்தில் வீக்கம் இறங்கவில்லையென்றால் சீழை வடிக்க வேண்டிவரும், பெரும்பாலும் மூக்கு வழியாகவே.

பதின்வயதுப் பிள்ளை தலைவலி, வாந்தி என்றால் நெற்றியைத் தடவிப் பாருங்கள். பிசைந்த மாவு போல் அமுங்கினால் அது எலும்பில் சீழ். மூளைப் பக்கமும் ஸ்கேன் பார்த்தாக வேண்டும்.