லேரி கிரஹாமின் கட்டைவிரல்

ஜூன் 10, 2025, செவ்வாய்

நேற்று அமெரிக்க ஃபங்க் இசைக் கலைஞர் ஸ்லை ஸ்டோன் போய்விட்டார். 82 வயது. எல்லோரும் ஸ்லையைப் பற்றி எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். பேஸ் (கீழ் சுரங்களுக்கான தடித்த தந்திக் கிட்டார்) வாசிக்கிற எனக்கு மனசெல்லாம் லேரி கிரஹாம் மேல். ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவில் 1972 வரை பேஸ் கிட்டார் அவர்தான். 1970இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'தேங்க் யூ' பாட்டை ராத்திரி ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். கிட்டத்தட்ட முழுப் பாட்டும் ஒரே கார்டு, அதாவது ஒரே சுரக்கூட்டு. ஆனாலும் சலிக்கவில்லை, காரணம் அந்த பேஸ்.

ஜூன் 14, சனி

பேஸ் தந்தியைக் கட்டைவிரலால் அடித்தும் விரலால் சுண்டியும் வாசிக்கிற லேரியின் ஸ்லாப் வாசிப்பு எப்படிப் பிறந்தது என்று பலரும் கேட்டிருப்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

லேரி பிறந்தது டெக்சாஸில், வளர்ந்தது கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில். அம்மா டெல் கிரஹாம் பியானோ வாசித்துப் பாடுகிறவர். பதின்வயதிலேயே அம்மாவின் குழுவில் கிட்டார் வாசிக்கப் போய்விட்டார் லேரி. கிளப்பில் ஒரு ஆர்கன் (கால் பெடல்களும் உள்ள கீபோர்டு வாத்தியம்) இருந்தது. கையில் கிட்டார், காலில் ஆர்கன் பெடல் என்று கீழ் சுரங்களையும் அவரே பார்த்துக்கொண்டார். ஒருநாள் ஆர்கன் பழுதானது. அதுவரை இருந்த கனம் இல்லாமல் இசை வெறிச்சென்று ஆகிவிட, ஆர்கன் சரியாகும்வரை என்று ஒரு பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்தார். ஆர்கன் சரியாகவே இல்லை!

அப்புறம் டிரம்மரும் இல்லாமல் போனார். மேடையில் தாயும் மகனும் மட்டும். கிக் டிரம்மின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடி விழ வேண்டிய இடத்தில் கட்டைவிரலால் தடித்த தந்தியை அடித்தார். ஸ்னேரின் (குச்சியால் அடிக்கும், சுள்ளென்று ஒலிக்கும் டிரம்) அடி விழ வேண்டிய இடத்தில் மெல்லிய தந்தியை விரலால் இழுத்துச் சுண்டினார். வித்தை காட்ட ஆரம்பித்ததில்லை இது. இல்லாத டிரம்மரின் வேலையை இரண்டு விரல்கள் செய்தன, அவ்வளவுதான்.

அதைக் கேட்டுச் சொக்கிப்போன ஒரு ரசிகை, அப்போது வானொலியில் அறிவிப்பாளராக இருந்த ஸ்லைக்கு ஓயாமல் போன் செய்திருக்கிறார், வந்து கேளுங்கள் என்று. ஸ்லை வந்தார், கேட்டார், கூட்டிக்கொண்டார். அந்த ரசிகைக்கு நாமெல்லாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஜூலை 6, ஞாயிறு

கிரஹாம் சென்ட்ரல் ஸ்டேஷனின் மேடைப் பதிவுகளைப் பார்த்து முடித்தேன். ஸ்லையை விட்டு வந்தபின் லேரி நடத்திய குழு இது. முதல் ஆல்பம் 1974.

நான் பார்த்ததில் ரொம்பப் பிடித்தது அவர் முதியவரான பிறகு எடுத்த ஒரு பதிவு. மேடை காலியாக இருக்கிறது. பார்வையாளர்களுக்குப் பின்னாலிருந்து மேளச் சத்தம் கேட்கிறது. குழுவினர் டிரம்களைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்தின் நடுவே அணிவகுத்து வருகிறார்கள். லேரிக்கு வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி, வெள்ளை பேஸ். மைக் பேஸ் கிட்டாரிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் ஸ்டாண்டைத் தேடி நிற்க வேண்டியதில்லை. பாடிக்கொண்டே எங்கே வேண்டுமானாலும் நடக்கிறார்.

கையை உற்றுப் பார்த்தேன். மணிக்கட்டுதான் சுழல்கிறது, முழங்கை அதிகம் அசைவதில்லை. கட்டைவிரல் பட்டவுடன் விலகிவிடுகிறது. அடிக்கும் அடிக்கும் நடுவே அவர் விடுகிற இடைவெளி இருக்கிறதே, அதில்தான் ஆட்டமே இருக்கிறது. இன்றைய இளைஞர்கள் பலர் அந்த இடைவெளியையும் சுரங்களால் நிரப்பிவிடுகிறார்கள். வேகம் வியக்க வைக்கிறது, ஆனால் கால் தாளம் போட மறுக்கிறது.

ஜூலை 19, சனி

'ஒன் இன் எ மில்லியன் யூ', 1980. மெதுவான காதல் பாட்டு, ஸ்லாப் கிடையாது. அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து எழும்புவது போன்ற அந்தக் கனத்த குரலைக் கேட்டால், இந்த மனிதர் விரல்களை நம்பி மட்டும் இருந்தவர் இல்லை என்று புரியும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று லேரிக்கு 79.

அமெரிக்கப் பாப் இசைக் கலைஞர் பிரின்ஸ் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. சிறுவயதிலிருந்து லேரியைக் கேட்டு வளர்ந்தவர் பிரின்ஸ். 1997இல் நாஷ்வில்லில் இருவரும் சந்தித்தார்கள். அப்புறம் லேரி குடும்பத்தோடு மினசோட்டாவுக்கே குடிபெயர்ந்தார், பிரின்ஸின் சுற்றுப்பயணங்களில் வாசித்தார். 2012இல் வந்த 'ரெய்ஸ் அப்' ஆல்பத்தில் பிரின்ஸும் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய மூத்த கலைஞரை, புகழின் உச்சியைப் பார்த்துவிட்ட ஒருவர் தேடிப் போய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைகிறது.

புதிதாகக் கேட்பவர்கள் 'ஹேர்' பாட்டில் ஆரம்பியுங்கள். முதல் ஆல்பத்தில் இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் பாதி காணாமல் போய்விடும்.