வலி எப்போதிருந்து இருக்கு? ஒரு எண்டோமெட்ரியோசிஸ் க்ளெய்ம் கதை

எண்டோமெட்ரியோசிஸுக்கு (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்) ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று. அட்மிஷன் அன்று ஜூனியர் டாக்டர் வந்து "எப்போலேர்ந்து வலி?" என்று கேட்பார். அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. பீரியட்ஸ் வலி எப்போதிருந்து, இந்த நோய் என்று டாக்டர் சொன்னது எப்போது, இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். அப்படியே எழுதினாரா என்றும் எட்டிப் பாருங்கள். என் கேஸ் ஷீட்டில் "வயதுக்கு வந்ததிலிருந்து எண்டோமெட்ரியோசிஸ்" என்று ஒரே வரியாக விழுந்துவிட்டது. அதை வைத்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது.

வயதுக்கு வந்ததிலிருந்து எனக்கு இருந்தது வலி மட்டும்தான். அதற்குப் பெயர் வைக்க யாரும் தயாராக இல்லை. காலேஜில் படிக்கும்போது வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, வயிற்றின் மேலே வைத்து ஸ்கேன் எடுத்து "எல்லாம் நார்மல்" என்று அனுப்பினார்கள். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனில் இன்னும் தெளிவாகத் தெரியும், ஆனால் கல்யாணம் ஆகாத பெண் என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை. ஸ்கேன் நார்மல் என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது; மேலோட்டமாகப் படிந்த திட்டுகள் ஸ்கேனில் சிக்காமலே போகலாம். அம்மா "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார். கல்யாணமான பிறகு ஒரு டாக்டரே "ஒரு குழந்தை பெத்துக்கோம்மா, எல்லாம் போயிடும்" என்றார். நோயைக் குணப்படுத்துவதற்காகக் கர்ப்பமாகச் சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்கம், கருவியல் அமைப்பின் (ESHRE) 2022 வழிகாட்டியே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் குழந்தை பெறும் வயதிலுள்ள பத்துப் பெண்களில் ஒருவருக்கு, சுமார் 19 கோடிப் பேருக்கு இருக்கிற நோய் இது. எல்லோருக்கும் இதே அறிவுரைதான் கிடைத்திருக்கும் போல.

கடைசியில் திருச்சியில் ஒரு டாக்டரம்மா உள்வழி ஸ்கேன் பார்த்து இடது சினைப்பையில் சாக்லேட் சிஸ்ட் (இந்த நோயால் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) என்றார். எம்ஆர்ஐயில் குடலோடும் ஒட்டியிருப்பது தெரிந்தது. அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது, எதையும் பூசி மெழுகாமல் சொன்னதுதான். மாத்திரை, ஊசி எல்லாம் நோயை அடக்கிவைக்கும், அழிக்காது. டைனோஜெஸ்ட் என்கிற ஹார்மோன் மாத்திரை 2 மில்லிகிராம் தினமும். ஒத்துக்கொள்ளாவிட்டால் கருத்தடை மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயிலோ. லியூப்ரோலைடு ஊசி போட்டால் மெனோபாஸ் வந்த மாதிரி உடம்பு கொதிக்கும், எலும்பு தேயும், ரொம்ப நாள் தனியாகப் போட முடியாது. ஆபரேஷன் செய்தாலும் திரும்ப வரலாம். குழந்தைக்கு உடனே முயற்சி செய்யாதவர்கள் அதற்கப்புறமும் மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும்.

நான் டைனோஜெஸ்ட் போட்டேன். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக உதிரம், காரணமில்லாத அழுகை. வலி நிஜமாகவே குறைந்தது, ஆனால் சிஸ்ட் வளர்ந்துகொண்டே போனதால் லேப்ராஸ்கோபி, அதாவது சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன். சிஸ்ட் எடுக்கப் போகிறவர்கள் அதற்கு முன்னால் கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சிஸ்டின் சுவரை உரிக்கும்போது நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் போகும், கருமுட்டை இருப்பு குறையும். நான் கேட்காமல் யாரும் எழுதித் தரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

டிஸ்சார்ஜ் அன்றுதான் கூத்து. முதலில் கேஷ்லெஸ் அப்ரூவல் தந்தவர்கள், கேஸ் ஷீட் போனதும் "முன்பே இருந்த நோயை மறைத்திருக்கிறீர்கள்" என்று அதைத் திரும்பப் பெற்றார்கள். டிஸ்சார்ஜ் அப்ரூவலை 3 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் விதி போட்டிருக்கிறது. காலையில் பையைக் கட்டிவைத்த எனக்கு மறுப்பு வந்தது ராத்திரிதான். இன்சூரன்ஸ் டெஸ்க் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "கேஷ் கட்டிடுங்க, அப்புறம் ரீஇம்பர்ஸ்மென்ட் போடுங்க" என்றான். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

எனக்கு வயிறெரிந்தது பணத்துக்காக மட்டும் இல்லை. நார்மல், நார்மல் என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பிய அத்தனை வருஷமும், இவர்கள் கணக்கில் நான் நோயை ஒளித்துவைத்த வருஷங்களாகிவிட்டன.

பாலிசி புத்தகத்தை அதற்கப்புறம்தான் வரி வரியாகப் படித்தேன். பாலிசி எடுத்த பிறகு எண்டோமெட்ரியோசிஸ் க்ளெய்முக்கென்று இருந்த 24 மாதக் காத்திருப்பு எனக்கு முடிந்திருந்தது. "முன்பே இருந்த நோய்" என்றால், பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டறிந்ததோ, டாக்டரிடம் ஆலோசனையோ சிகிச்சையோ பெற்றதோதான். மெடிக்கலில் நானே மாத்திரை வாங்கிப் போட்டுப் படுத்துக்கிடந்தது அதில் சேராது.

கேஸ் ஷீட்டைத் திருத்தித் தரவே முடியாது என்று ரெக்கார்ட்ஸ் பிரிவில் சாதித்தார்கள். திருத்த வேண்டாம், தனியாக விளக்கக் கடிதம் போதும் என்றார் டாக்டரம்மா. கடிதத்தில் சீல் இல்லை என்று அதுவும் ஒருமுறை திரும்பியது. லெட்டர்ஹெட், கையெழுத்து, சீல், பதிவு எண் நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். வலிக்காக ஆபரேஷன் என்றால் காரணம் வலி என்றே எழுதச் சொல்லுங்கள். குழந்தையின்மைச் சிகிச்சை என்று எழுதிவிட்டால் பெரும்பாலான பாலிசியில் அது விலக்கு. பயாப்சி ரிப்போர்ட் தாமதமாகத்தான் வரும், மறக்காமல் போய் வாங்குங்கள்.

கூடவே இன்னொரு காகிதம் வைத்தேன். அம்மாவின் பீரோவில், சேலைக்கு அடியில், அந்தக் காலேஜ் காலத்து ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. "கர்ப்பப்பை, சினைப்பைகள் இயல்பாக உள்ளன." அன்றைக்கு என்னைக் கைவிட்ட காகிதம், இன்று நான் எதையும் மறைக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில், ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா இணையதளத்தில் புகார். மெயிலில் இரண்டே கேள்வி: பாலிசிக்கு முந்தைய 36 மாதத்தில் எந்த டாக்டர் இதைக் கண்டுபிடித்தார்? இந்த மறுப்பு உங்கள் க்ளெய்ம் மறுபரிசீலனைக் குழுவின் ஒப்புதலோடு வந்ததா? ஒரு மாதத்துக்குள் சரியான பதில் இல்லையென்றால் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அந்த மனுவையும் எழுதித் தயாராக வைத்திருந்தேன்.

தேவைப்படவில்லை. மெயிலில் கேட்ட எதற்கும் பதில் இல்லாமல், மன்னிப்பும் இல்லாமல், ஒரு மதியம் பணம் மட்டும் கணக்கில் ஏறியது. கிளவுஸ், பஞ்சு வகையறாவுக்குக் கழித்துக்கொண்டதை விட்டுவிட்டேன். வளையலை மறுநாளே மீட்டோம்.