கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம்: உப்புவெளியில் வீட்டுப் படம் கீறிய கதை

திருகோணமலை உப்புவெளியில், நிலாவெளி வீதிக்கு மேற்கே எங்களுக்கு 20 பேர்ச் (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி) காணி. கிழக்கே ஒழுங்கை. ஒழுங்கைப் பக்கம் 55 அடி, உள்ளே போக 99 அடி. கடலிலிருந்து 300 மீற்றருக்கு அப்பால் இருப்பதால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிக்குப் போக வேண்டி வரவில்லை. கடற்கரையோடு ஒட்டிக் காணி வைத்திருப்பவர்கள் அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு கட்டுவது என்று முடிவானதும் ஆளுக்கொரு படம் கீறினோம். மகள்மார் இரண்டு பேரும் தனித்தனி அறை கேட்டார்கள். இவருக்குப் பெரிய விறாந்தை வேண்டும். அம்மா, சாமியறை ஈசான மூலையிலும் குசினி அக்கினி மூலையிலும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் உங்கள் விருப்பம் என்றார். அந்தக் கடதாசிகளோடு படம் கீறும் தம்பியிடம் போனால், அவர் ஒன்றையும் விரித்துப் பார்க்கவில்லை. "அக்கா, நில அளவைப் படம் இருக்கா? சுத்தியுள்ள கிணறெல்லாம் எங்கெங்க இருக்கு?" என்றுதான் கேட்டார்.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடி இருக்க வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் அதே கணக்குத்தான் என்பது படம் கீறும்போதுதான் உறைக்கிறது. எங்கள் பக்கத்து மணல், கழிவுநீரை வடிகட்டுவதற்கு முன்பே கீழே இறக்கிவிடும். மார்கழியில் கிணற்று நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் ஆழமான குழி என்றால் அது நிலத்தடி நீருக்குள்ளேயே நிற்கும். கழிவுநீர் ஊறிப் போக வழியிருக்காது. ஆகவே குழி அகலமாக, ஆழம் குறைவாக, மேடான இடத்தில் வரவேண்டும்.

தம்பி நேரில் வந்து, அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு கிணறும் எங்கள் வேலியிலிருந்து எத்தனை அடி என்று நாடா பிடித்தார். பிறகு விறாந்தை மேசையில் நில அளவைப் படத்தின் பிரதியை விரித்து, கவராயத்தை 50 அடிக்கு வைத்துக்கொண்டு வட்டம் போடத் தொடங்கினார். வடகிழக்கில் இருக்கும் எங்கள் கிணற்றுக்கு ஒன்று. தெற்கு வீட்டுக் கிணற்றுக்கு ஒன்று. பின்வளவுக் கிணற்றுக்கு ஒன்று. வட்டத்துக்குள் விழுந்ததையெல்லாம் பென்சிலால் தீட்டினார். கடைசியில் காணியின் தென்பக்கத்தில், நடுவை ஒட்டி, பாய் விரிக்கும் அளவுக்கு ஒரு துண்டு வெள்ளையாகத் தெரிந்தது. "குழி இங்கதான். இனி வீட்டைப் பற்றிக் கதைப்பம்" என்றார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வீடு காணியின் முன்பாதியில் என்பதால் குழி வீட்டின் தென்மேற்குப் பக்கம் வருகிறது, குளியலறையும் அதன் அருகில்தான் வரும். "கன்னி மூலையில கக்கூசா? நான் அந்த வீட்டுக்கு வரமாட்டன்" என்று விட்டார். இரண்டு நாள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அதைத் தீர்த்து வைத்தது கச்சான் காற்று. வைகாசி பிறந்தால் ஆவணி, புரட்டாதி வரைக்கும் மேற்கிலிருந்து அனலாக வீசும். கூடவே பின்னேர வெயிலும் மேற்குச் சுவரில். அந்தப் பக்கம் படுக்கையறை வைத்தால் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். அங்கே யாரும் படுக்காத அறைகளை வரிசையாக வைத்துவிடலாம் என்றார் தம்பி. மேற்குச் சுவரின் நடுவில் குளியலறைகள், கன்னி மூலையில் சாமான் அறை. கன்னி மூலையில் பாரம் இருப்பது நல்லது என்பது அம்மாவுக்கும் தெரிந்த சாத்திரம். அரிசி மூட்டையும் பழைய பெட்டகமும் அங்கே போகும் என்றதும் முகம் தெளிந்துவிட்டது. குழாயும் குழிக்குக் கிட்டத்திலேயே ஓடுகிறது.

வாடைக்கு வேறு கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து மழை சாய்ந்து அடிக்கும். இவர் கேட்ட விறாந்தையோ சரியாக அந்தத் திசையில். விறாந்தையை விட மனமில்லை, ஆகவே கூரையை மூன்றடி வெளியே நீட்டிப் பீலி போட்டோம். தரை எவ்வளவு உயரம் என்பதற்கு எந்தப் புத்தகமும் பார்க்கவில்லை. ஒழுங்கை முனையில் இருக்கும் அக்காவிடம் வெள்ளம் எதுவரை வரும் என்று கேட்டேன். அவர் பேசாமல் கூட்டிக்கொண்டு போய், மதிலின் உட்புறத்தில் முழங்காலுக்குக் கீழே மண்ணிறமாக ஓடும் கறையைக் காட்டினார். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் குச்சவெளி, திரியாய்ப் பக்கம் கரையேறியபோது வந்த தண்ணீராம். எங்கள் தரை ஒழுங்கையிலிருந்து இரண்டரை அடி.

இனிக் காணியின் பின்பாதி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். இரண்டு பெண்பிள்ளைகள் என்றால் வளவுக்குள் இரண்டு வீட்டுக்கு இடம் வேண்டும். நடுவில் பெரிய வீடாகக் கட்டி, பிறகு சுவர் வைத்துப் பிரித்து, வாழ்நாள் முழுக்க மனக்கசப்போடு இருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். எனவே வீட்டை முன்பாதியில் ஒதுக்கி, தெற்கு வேலியோரம் பத்தடிப் பாதை விட்டோம். பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டும் ஆகக்குறைந்தது 6 பேர்ச் இருக்க வேண்டும். வீடு மூடும் பரப்பு காணியின் 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாதையைக் கழித்தாலும் முன்துண்டில் எட்டு பேர்ச் மிஞ்சுகிறது, வீடு 1,050 சதுர அடி. தாங்கும். பின்பாதியில் வரப்போகும் வீட்டையும் புள்ளிக்கோட்டில் கீறி வைத்திருக்கிறோம். சின்னவள் அதில் தன் அறையை இப்போதே தெரிவு செய்துவிட்டாள்; மூத்தவளுக்குக் கோபம்.

அறை அளவுக்கு மனையடி சாத்திரம். பத்துக்குப் பன்னிரண்டு என்று தம்பி கீறியதை மேசன் அண்ணை பார்த்ததும் 12 ஆகாது, 11 போடுங்கள் என்றார். பத்து, பதினொன்று, பதினாறு நல்லது. பன்னிரண்டு முதல் பதினைந்து வரை கூடாது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் ஓர் அடி குறைத்தால் அறைக்கு ஒரு குறையும் இல்லை, அம்மாவும் நிம்மதியாகத் தூங்குவார். மறுக்க என்ன இருக்கிறது? அந்த ஓர் அடியை நடைபாதைக்குக் கொடுத்தோம். நாளைக்கு அம்மாவுக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டாலும் திரும்பலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இந்த அளவு பூச்சு முடிந்த பிறகு சுவருக்குச் சுவர் எடுக்கும் உள்ளளவு. பூச்சின் கனத்தைப் படத்திலேயே சேர்க்காவிட்டால் கடைசியில் பத்தடி பத்தடியாக இருக்காது.

அனுமதிக்காகப் படத்தைப் பிரதேச சபைக்குக் கொடுப்பதற்கு முன் முழு வீட்டையும் காணியில் உண்மை அளவில் கீறினோம். மணல் நிலம், தடியால் கோடு இழுத்தாலே போதும். கட்டில் அளவுக்கு ஒரு கயிறு, அலுமாரிக்கு ஒரு பெட்டி, ஹோலுக்குப் பிளாஸ்ரிக் கதிரைகள். பெரியவளின் அறையில் கதவு திறந்தால் அலுமாரியில் இடித்தது. கதவை மறுசுவருக்கு மாற்றினோம். குசினியில் நின்று பார்த்தால் கேற் தெரியவேண்டும் என்பது என் ஆசை. நின்று பார்த்தேன், தெரிந்தது.

சபை வேலையில் சொல்ல அதிகமில்லை. காணி உறுதிப் பிரதி, நில அளவைப் படம், வரி கட்டிய பற்றுச்சீட்டு, தகுதியுள்ளவர் கையொப்பமிட்ட படம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணறு, குழி இரண்டையும் மட்டும்தான் துருவித் துருவிக் கேட்டார். வட்டம் போட்ட அந்தக் கடதாசியையே நீட்டினோம்.

இப்போது அத்திவாரம் முடிந்து சுவர் எழும்புகிறது. மேசன் அண்ணைக்கு அடிக்கடி ஒரு யோசனை வரும், ஜன்னலை அங்கே தள்ளுவோமா, சுவரை இங்கே இழுப்போமா என்று. வீடு முடிந்ததும் இணக்கச் சான்றிதழுக்கு வருகிறவர்கள் அனுமதித்த படத்தைத்தான் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். எனவே முத்திரை குத்திய படத்தின் பிரதியொன்றைச் சீமெந்துக் கொட்டிலின் கதவில் ஒட்டியிருக்கிறேன். "அண்ணை, முதல்ல அதைப் பாருங்கோ" என்று சொல்லிவிடுகிறேன்.